மதிலில் இன்னொருவர்

பொறாமை எல்லோருக்கும் வரும். எனக்கு நிறையவே வரும், மறைக்க மாட்டேன். ஆனால் ஒரு ராஜாவுக்கு வந்தால், அதுவும் பகைவன் படை திரட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் வந்தால், அதை ஊரே சேர்ந்து அனுபவிக்க வேண்டியிருக்கும். எங்கள் ராஜா வழுதிக்கு அது ஒரே ஒரு சொல்லால் வந்தது. செத்துப்போன மனைவி அவரிடம் சொன்ன சொல்.

என் பெயர் பேச்சியம்மை. புதுப்பொருநை நாட்டின் தளபதி. ராஜாவுக்கு அத்தை மகள், அதாவது முறைப்பெண். சபையில் அவரை மகாராஜா என்பேன், தனியாக இருக்கும்போது அத்தான் என்பேன். எனக்கும் அவருக்கும்தான் கல்யாணம் என்று இரண்டு வீட்டிலும் பேசி வைத்திருந்தார்கள். அவரோ மதில் கட்ட வந்த பொறியாளர் உமையாளைக் கட்டிக்கொண்டார். கல்யாணத்தன்று மண்டப வாசலில் காவல் நின்றவள் நான்தான். சாப்பாடு நன்றாக இருந்ததாகச் சொன்னார்கள்.

எங்கள் நாடு ஒரு நிலவின் மேல் இருக்கிறது. வெளியே காற்று கிடையாது. பெரிய கண்ணாடிக் கூரை போட்டு, அதன் கீழே வீடு, வயல், கோயில், கடைத்தெரு எல்லாம் வைத்துக்கொண்டு வாழ்கிறோம். நிலவின் மறுபக்கத்தில் எரிகோட்டைக்காரர்கள். எங்களிடம் பனிக்கட்டி இருக்கிறது, அவர்களிடம் இல்லை. கேட்டபோது கொடுத்தோம். முழுவதும் வேண்டும் என்றார்கள், அங்கேதான் சண்டை ஆரம்பித்தது. காற்றில்லாத இடத்தில் சண்டைக்கு வெடிமருந்துகூடத் தேவையில்லை. ஒரு பாறையை வேகமாக வீசினால் போதும். குறுக்கே தடுக்க எதுவும் இல்லாமல் வந்து கூரையைப் பிளந்துவிடும். கூரை பிளந்தால் உள்ளே ஒருவரும் மிஞ்ச மாட்டோம்.

அதற்குத்தான் மதில். மதில் என்றால் சுவர் அல்ல, வானத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும் ஆயிரக்கணக்கான சின்னப் பறக்கும் கருவிகள். ஊரில் கிளிகள் என்பார்கள். கல் வந்தால் கிளிகள் போய் மோதி அதன் திசையைத் திருப்பிவிடும். கல்லை அடிக்க ஒரு கணினி போதும். சிக்கல் படகில்தான் இருந்தது. எரிகோட்டையிலிருந்து தப்பி வரும் குடும்பங்கள் சின்னப் படகுகளில் வருவார்கள். அதே போன்ற படகில் குண்டு வைத்தும் அனுப்புவார்கள். ஒருமுறை கணினி தப்பாகக் கணித்து, குழந்தைகள் இருந்த படகை அடித்துவிட்டது. வழுதி விண்வெளி உடுப்பை மாட்டிக்கொண்டு தானே வெளியே போய் ஒவ்வொரு உடலாக எடுத்து வந்தார். "மனசில்லாத மதில் எனக்கு வேண்டாம்" என்று மட்டும் சொன்னார்.

உமையாளுக்கு நுரையீரலில் நோய் முற்றியிருந்த சமயம் அது. பிழைக்க மாட்டோம் என்று தெரிந்ததும், தன் மனதைப் படியெடுத்து மதிலுக்குள் வைத்துவிடச் சொன்னாள். படியெடுக்க ஒரு குழாய்க்குள் நெடுநேரம் படுத்திருக்க வேண்டும். உமையாளுக்கு அடைத்த இடம் என்றால் பயம். அதனால் பக்கத்துக் குழாயில் வழுதி படுத்து, நடுவில் இருந்த துளை வழியாக அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் அவள் இறந்தாள். அதற்கடுத்த நாள் மதில் அவள் குரலில் பேசியது.

படி ஆளா, வெறும் நிழலா என்று ஊரில் பட்டிமன்றமே நடந்தது. வழுதிக்கு அந்தச் சந்தேகமெல்லாம் இல்லை. மதியச் சாப்பாட்டை மதிலறைக்குக் கொண்டுவரச் சொல்லி அங்கேயே சாப்பிட்டார். இன்றைக்குக் குழம்பில் உப்பு அதிகம் என்று அவளிடம் குறைப்பட்டுக்கொண்டார். தாடி வளர்ந்து கிடந்தது. ஆனாலும் நாட்டு வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. தப்பி வந்த ஒவ்வொரு குடும்பத்துக்கும் வீடு கொடுத்தார்களா என்று அவரே போய்ப் பார்ப்பார். துக்கத்தை அப்படித்தான் சமாளித்தார் என்று நினைக்கிறேன்.

ஒருநாள் ஆயுதக் கிடங்குக்கு என்னைத் தேடி வந்தார்.

"பேச்சி, 'நாங்க'ன்னா என்ன அர்த்தம்?"

"என்ன அத்தான், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகிட்ட கேக்க மாதிரி கேக்கீங்க?"

"சொல்லு."

"'நாம'ன்னா நீங்களும் சேத்தி. 'நாங்க'ன்னா நீங்க வெளிய."

"அதான். எரிகோட்டைக்காரன் படை சேக்கான்னு அவகிட்டச் சொன்னேன். 'கவலப்படாதீங்க, நாங்க பாத்துக்கிடுதோம்'னு சொல்லுதா. யாரு அந்த நாங்க?"

"கிளிகளையும் சேத்துச் சொல்லியிருப்பா."

"கிளியை அவ 'இதுக'ன்னுதான் சொல்லுவா. இத்தன வருசம் எங்கிட்ட 'நாம'ன்னு மட்டுந்தான் பேசியிருக்கா. கோவத்துல பேசாம இருந்தப்பகூட, 'நாம பேசிக்க வேண்டாம்'னுதான் சொல்லுவா. இப்ப எப்படி நான் வெளிய போனேன்?"

எனக்கு உள்ளுக்குள் இனித்தது. அவர் வெளியே நிறுத்தப்பட்டதில் எனக்கு ஏன் இனிக்க வேண்டும்? இனித்தது, அவ்வளவுதான். எத்தனை வருடம் நான் அந்த 'நாம'வுக்கு வெளியே நின்றிருக்கிறேன்.

மறுநாள் என்னையும் இழுத்துக்கொண்டு போய் மதிலறைக் கதவுக்குப் பின்னால் நின்றார். நாட்டை ஆளும் ராஜாவும் படையை ஆளும் தளபதியும் ஒட்டுக்கேட்டுக்கொண்டு நின்றோம். உள்ளே யாரும் இல்லை. உமையாள் குரல் மட்டும் கேட்டது. யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். எதிர்க்குரல் மதிலுக்குள்ளேயே நின்றுவிட்டது, எங்களுக்கு எட்டவில்லை.

"அந்தப் படகுல குழந்தை இருக்குன்னு நான் அப்பவே சொன்னேன்ல... ஆமா, பெரிய இவரு... சரி சரி, நீங்க சொன்னதுதான் சரி." பிறகு ஒரு சிரிப்பு. தொண்டைக்குள்ளேயே அடங்கி முடியும் சின்னச் சிரிப்பு. அதற்குப் பிறகு அவள் சொன்னாள்: "ச்சீ, போங்க."

அந்த இரண்டு சொல்லை ஒரு பெண் யாரிடம் சொல்வாள் என்று தமிழ் தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நான் வழுதியின் முகத்தைப் பார்த்தேன். அவள் செத்த அன்றுகூட அந்த முகம் அப்படி இல்லை.

மதிலைப் பராமரிக்கும் பொறியாளர் செண்பகராமனை வரச் சொன்னார். நல்ல பருமனான மனிதர், உமையாளிடம் வேலை கற்றவர். கேள்வியைக் கேட்டதுமே வேர்த்துவிட்டது அவருக்கு.

"மதிலுக்குள்ள இன்னொரு படி இருக்கா?"

"இருக்கு, மகாராஜா."

"எதுக்கு?"

"ஒத்த மனசு அங்க தாங்காது, மகாராஜா. ராத்திரி பகலா கல்லு, படகு, கல்லு, படகுன்னு பாத்துக்கிட்டே இருக்கணும். தப்பு பண்ணிட்டோமோன்னு கேக்க ஒரு ஆள் வேணும். சண்டை போட ஒரு ஆள் வேணும். இல்லன்னா கொஞ்ச நாள்ல மனசு தன்னையே தின்னுரும். ராணியம்மாதான் ரெண்டாவது படி வேணும்னாங்க."

"ஆம்பளையா?"

செண்பகராமன் தரையைப் பார்த்தார். "ஆமா."

"யாரு?"

"அதை மட்டும் கேக்காதீங்க. சொல்லாட்டியும் என் தலை போகும், சொன்னாலும் போகும். சொல்லாமலே போகட்டும்."

அவரைச் சிறையில் வைத்தார்கள். அன்றைக்கே எரிகோட்டையில் கல்வீசும் பொறிகளை வெளியே நகர்த்துகிறார்கள் என்று என் ஒற்றர்கள் சொன்னார்கள். நான் நேராக ராஜாவிடம் போனேன்.

"அத்தான், சண்டை முடியட்டும். உள்ள எவன் இருந்தா என்ன, கல்லை அடிக்கானா இல்லையா?"

"என் பொண்டாட்டிகிட்ட எவனோ ஒருத்தன் பேசிச் சிரிச்சுத்தான் என் நாட்டைக் காப்பாத்தணுமா?"

"அது படி, அத்தான்."

"எனக்கு மிச்சம் இருக்கது அந்தப் படிதான்."

கண் எதிரே உயிரோடு ஒருத்தி நிற்கிறாளே என்று சொல்லியிருக்கலாம். அப்படியெல்லாம் பேச எனக்கு வராது.

மதிலில் எதை மாற்றினாலும் மந்திரிகள் சாட்சியாக இருக்க வேண்டும் என்பது சட்டம். எல்லோரும் மதிலறையில் கூடினோம். மதிலின் பலகையில் ராஜாவின் பெருவிரல் பட்டால்தான் எந்தப் படியையும் அழிக்க முடியும். வழுதி அதன் முன்னால் நின்றார்.

"உமையா, உள்ள உன்கூட யாரு இருக்கா?"

"இத்தன பேரை வச்சுக்கிட்டு இதைக் கேக்கணுமா? எல்லாரையும் போகச் சொல்லுங்க, சொல்லுதேன்."

"எனக்குத் தெரியாம வச்சிருக்க. எல்லாருக்கும் தெரியட்டும்."

"என்னங்க, என்னை நம்புங்க. இது நம்ம நல்லதுக்குத்தான்."

"இப்ப 'நம்ம'வா? அவன் பேரைச் சொல்லு."

பிறகு ரொம்ப மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, அவருக்குப் புரிய வேண்டும் என்று கெஞ்சுவது போலச் சொன்னாள்: "அவர் பேரை நான் எப்படிங்க சொல்லுவேன்? என் வாயால ஒருநாளும் சொன்னதில்லையே."

மந்திரிகள் தலையைக் குனிந்துகொண்டார்கள். செத்த பிறகும் இப்படி ஒரு கூச்சமில்லாத பேச்சா என்று அவர்களுக்கு. அவள் அத்தனை பேருக்கு நடுவே, வேறு எவருக்கும் விளங்காமல், கணவனுக்கு மட்டும் விளங்கும்படி ஒரு பதில் சொல்லியிருந்தாள். ஆனால் வாழ்நாள் முழுவதும் 'என்னங்க' என்று கூப்பிடப்பட்டவருக்குத் தன் பெயரை மனைவி சொல்லவே இல்லை என்பது கவனத்தில் இருந்ததில்லை. எனக்கோ அந்தப் பழக்கம் எட்டவே இல்லை. நான் யாருக்கும் மனைவியாக இருந்ததில்லையே.

வழுதி பெருவிரலை வைத்தார்.

சத்தம் ஒன்றும் வரவில்லை. ஒரு விளக்கு அணைந்தது. பிறகு அறை அதிரும்படி ஒரு கத்தல்.

"வழுதீ!"

அந்தப் பெயரை அந்தக் குரலில் நாங்கள் யாரும் கேட்டதில்லை. அவரும் கேட்டதில்லை. "வழுதி, வழுதி, ஐயோ வழுதி" என்று அவள் திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள். ராஜா பலகையைப் பிடித்துக்கொண்டார்.

"உமையா, இங்கதான் இருக்கேன். நான் இங்கதான் இருக்கேன்."

"நீங்க இல்ல" என்றாள்.

சிறையிலிருந்து செண்பகராமனை ஓடிப் போய் அழைத்து வந்தேன். அழுதுகொண்டேதான் சொன்னார்.

"அன்னைக்கு அம்மா கையைப் பிடிச்சிக்கிட்டுப் பக்கத்துக் குழாயில படுத்தீங்கள்ல. உங்களையும் சேத்துப் படியெடுக்கச் சொன்னாங்க. மொத ராஜா காலத்துல அவரைப் படியெடுத்து, எது ராஜான்னு ரெண்டு பக்கமா நின்னு ஊரே வெட்டிக்கிட்டு செத்துச்சு. அதனால ராஜா மனசைப் படியெடுத்தா எடுத்தவன் தலை போகும், படியையும் அழிக்கணும்னு சட்டம். நீங்க சட்டம் மீறாதவர். தெரிஞ்சா நீங்களே அழிச்சிருப்பீங்க. அதான் மறைச்சாங்க."

"மகாராஜாவோட வேற படி எங்கயாவது வச்சிருக்கீரா?" என்று நான் கேட்டேன்.

"இல்ல. ரெண்டு படி இருந்தா ரெண்டு தடவை சாகணும், ஆளுக்கு ஒண்ணு போதும்னு அம்மாதான் சொன்னாங்க."

வழுதி உட்கார்ந்துவிட்டார். தன்மேலேயே பொறாமைப்பட்டுத் தன்னையே கொன்ற மனிதனை எப்படித் தேற்றுவது? அதைவிட இன்னொன்று அவரை அறுத்தது. உள்ளே இருந்தவன் அவள் சாவுக்கு முன்பிருந்த சிரிப்பு மாறாதவன், அவளைப் பறிகொடுக்காதவன். அவள் அவனோடு வாழ்ந்துகொண்டிருந்தாள். இவர் அவளுடைய வீட்டுக்கு வந்துபோகும் விருந்தாளியாக இருந்திருக்கிறார். அவனைக் கொன்ற பிறகும் அவர் கண்ணில் இருந்தது பாதி துக்கம், பாதி அதே பொறாமை. எனக்கு அந்தக் கண் நன்றாகத் தெரியும். கண்ணாடியில் பார்த்திருக்கிறேன்.

எரிகோட்டைக்காரர்கள் எங்கள் துக்கம் முடியும்வரை காத்திருக்கவில்லை. அடுத்த நாளே படையெடுப்பின் முதல் கல் வந்தது. கிளிகள் இலக்கில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தன. உமையாள் அழுதுகொண்டிருந்தாள். கல் வெளிவயல் கூரையைப் பிளந்து, நாற்று நட்டுக்கொண்டிருந்தவர்களைக் கொன்றது. ராஜா ஓடிப் போய் மதிலறையில் நின்றார்.

"என்னைப் படியெடு. சட்டத்தை நான் மாத்துதேன். நான் உள்ள வாரேன்."

"வேண்டாம்" என்றாள் உமையாள். அழுகை நின்ற குரல். "நீங்க வந்தா தெனமும் மன்னிப்பு கேட்டுக்கிட்டே இருப்பீங்க. நான் தெனமும் மன்னிக்க மாட்டேன். கல்லு விழுந்துகிட்டே இருக்கும்."

"பின்ன யாரு?"

"பேச்சி அக்காவைக் குடுங்க."

என் காதை நானே நம்பவில்லை. "என்னையவா? எனக்கு உன்னைக் கண்டாலே ஆகாதே தாயி!"

"தெரியும் அக்கா. கல்யாணத்தன்னைக்கு நீங்க பாத்த பார்வையிலயே தெரியும். ஆகாத ஆள்தான் நான் பண்ணுத ஒவ்வொண்ணையும் கண்ணு கொட்டாம பாக்கும். எனக்கு ஆமாம் போட ஆள் வேண்டாம்."

அதில் தப்பு சொல்ல ஒன்றும் இல்லை. குழாய்க்குள் போய்ப் படுத்தேன். நடுத்துளை என் கைப்பக்கம் இருந்தது. ராஜா வெளியே நின்றார். கையைக் கொடுப்பாரோ என்று நினைத்தேன். அவர் கண் மதிலறைப் பக்கமே இருந்தது.

கண் விழித்தபோது எனக்குக் கை இல்லை.

கிளிகள் இருந்தன. ஆயிரக்கணக்கான கண்கள். அந்தக் கண்கள் வழியாகக் கீழே பார்த்தேன். குழாயிலிருந்து பேச்சியம்மை எழுந்தாள், சட்டையை இழுத்துச் சரிசெய்தாள், வாளை எடுத்துக்கொண்டு ஆயுதக் கிடங்குப் பக்கம் நடந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் அப்படித்தான் நடப்பேன் என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. "வந்துட்டீங்களா அக்கா?" என்றாள் உமையாள்.

போரில் நாங்கள் தோற்கவில்லை. உமையாளும் நானும் ஒவ்வொரு படகுக்கும் சண்டை போடுகிறோம். அவள் இரக்கம் காட்டுவாள், நான் சந்தேகப்படுவேன். ஒரு குடும்பத்தையும் தப்பாக அடித்ததில்லை, ஒரு குண்டையும் உள்ளே விட்டதில்லை. இன்றைக்கும் எங்களுக்கு ஒருவரை ஒருவர் பிடிக்காது. ஆனால் அவள் ஒரு நிமிடம் பேசாமல் இருந்தால் எனக்கு என்னவோ போல் ஆகிவிடுகிறது.

ராஜா இப்போது மதிலறைக்கு வருவதில்லை. வரவேண்டாம் என்று அவள் சொல்லிவிட்டாள். முதலில் அரண்மனை மாடத்தில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டார். பிறகு அந்தப் பேச்சியம்மை தட்டை எடுத்துக்கொண்டு போனாள். கொஞ்ச நாளில் இரண்டு தட்டு எடுத்துக்கொண்டு போனாள். தாடியை மழித்துவிட்டார். நேற்று தன் தட்டிலிருந்த அப்பளத்தை ஒடித்து அவள் தட்டில் வைத்தார். அவள் அதைச் சாப்பிடாமல் கடைசிவரை ஓரமாகவே வைத்திருந்தாள்.

என் ஆயுசெல்லாம் நான் கேட்டது அந்த அப்பளம்தான். நான் இங்கே கல் பொறுக்கிக்கொண்டிருக்கிறேன், அவள் அதை வாங்கிக்கொண்டாள். அவளும் நான்தான் என்று யாராவது ஆறுதல் சொல்ல வந்தால் கிளியை விட்டுக் கொத்தச் சொல்வேன். குழாயில் படுத்தவள் நானும்தான். எழுந்து போனவளுக்கு மட்டும் அத்தான் கிடைத்தார்.

சற்று முன்பு எரிகோட்டையிலிருந்து ஒரு கல் கிளம்பியது. எல்லாக் கல்லையும் போல அதன் பாதையைக் கணக்கிட்டேன். நேராக அந்த மாடத்துக்கு வந்துகொண்டிருந்தது. கூரைக்குக் கீழே இரண்டு பேரும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பக்கத்துக் கிளிகள் என் பொறுப்பு.

"அக்கா, அந்தக் கல்லு உங்க பக்கம் வருது" என்றாள் உமையாள்.

"பாத்தேன்."

"எங்க விழும்னும் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

அவள் தன் கிளிகளை அனுப்பவில்லை. நானும் அனுப்பவில்லை. கல் பெரிதாகிக்கொண்டே வந்தது. கீழே ஊர் முழுக்க ஆட்கள் இருந்தார்கள், அது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் சொல்கிறேன், அந்த நேரத்தில் நான் பார்த்துக்கொண்டிருந்தது ஊரை அல்ல. அவளும் ஊரைப் பார்க்கவில்லை.

பிறகு நான் கிளிகளை அனுப்பினேன். அவளுடைய கிளிகளும் அதே நொடியில் கிளம்பின. கல் விலகிப் போய் வெற்றுப் பள்ளத்தில் விழுந்தது. கீழே அந்தப் பேச்சியம்மை அவருக்கு மோர் ஊற்றிக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் தலையைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை.